பூசையில் இருந்த கணினி

சாமந்திப்பூ கருகியிருந்தது.

ஆயுத பூசைக்காக அன்று காலை ரோகிணி வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டிட்டுப் பூ வைத்திருந்தாள். மிக்சி, தையல் மிஷின், ஸ்கூட்டி, அரிவாள்மனை என்று ஒன்றையும் விடவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மற்ற பூவெல்லாம் வைத்த அழகோடு இருக்க, மேசை மேல் இருந்த பழைய கணினியின் தலையில் வைத்தது மட்டும் ஓரம் சுருண்டு, அடுப்போரம் கிடந்த வெற்றிலை மாதிரி கறுத்துப்போயிருந்தது. கணினியைத் தொட்டாள். சுட்டது. அதன் வயரை அவள் பிளக்கிலிருந்து கழற்றிப் பல நாள் ஆகிறது.

"கடலோர வெயில் அப்படி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த அறையில் வெயில் விழுகிற ஜன்னலே கிடையாது.

அது அவள் கணவர் பாலசுப்ரமணியனின் கணினி. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்த மனுஷன், மாசி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். இருந்தவரை அதை அவளைத் தொட விட்டதில்லை. கடவுச்சொல் அடிக்கும்போது இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொள்வார், என்னவோ அவள் பரீட்சையில் பார்த்து எழுத வந்தவள் மாதிரி. சாயங்காலம் வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கணினியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அவள் போட்டுப் பார்த்த சூடு இருந்தால் தீர்ந்தது. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். நாள்கணக்கில் பேச மாட்டார். பி.காம். படித்தவள் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கும் அந்த மௌனம்தான் பதிலாக வந்தது.

இப்போது வேலை கிடைத்திருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் அவள் பெயருக்கென்று வந்த முதல் வேலை. மேலாளர் பிரிசில்லா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். பழைய விண்டோஸ் இனி ஆகாது, புது இயங்குதளம் போட்டு இன்று சாயங்காலமே வீடியோ காலில் காட்ட வேண்டும், முடியாதென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறார். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையும் அவளே கொடுத்தனுப்பியிருந்தாள். எல்லாவற்றையும் அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகப் போட அவருடைய கடவுச்சொல் தேவையே இல்லை என்று கேள்விப்பட்டபோது ரோகிணிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அவள் வயரைச் சொருகிக்கொண்டிருந்தபோது மீன்காரி தனக்கோடி பொரி கொடுக்க வந்தாள். சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துக்காரி. கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா பண்றே? பூசையில குந்த வச்ச பொட்டியப் போயி நோண்டிகினு கீறே!"

"அவசர வேலை தனக்கோடி."

"எங்க ஆளு இன்னிக்கு போட்டக்கூட எறக்கல. வலய மடிச்சி வச்சிட்டு கம்முனு குந்திகினு கீறான். நாளைக்கு மறுபூசை போட்டுட்டு அப்பால எடுக்கா. அதுவரிக்கும் அது நம்மளுது இல்ல."

"சரஸ்வதிதானே உட்கார்ந்திருக்கா? உழைக்கிற பொம்பளையை அவளுக்குப் பிடிக்கும், போ."

தனக்கோடி சிரிக்கவில்லை. கருகிய பூவைப் பார்த்தாள். "பூவு பொட்டு வச்சி நீ யாரக் கூப்ட்டியோ, யாரு வந்து குந்தினாங்களோ" என்றவள், பொரியை வாசலிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

ரோகிணி பென்டிரைவைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே காற்றாடி சுழலத் தொடங்கியது. கரகரவென்று மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் அடைத்துக்கொண்டு, பிறகு புஸ்ஸென்று இறங்கி மறுபடி ஏறுகிற அந்தச் சத்தத்தை எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசித்தபடி இருந்தவளுக்கு, அது பக்கத்துத் தலையணையில் இத்தனை வருடம் கேட்ட குறட்டைதான் என்று புரிந்தது. கூடவே நீலகிரித் தைல வாசனை. அவருடைய தைலப் புட்டியைக் காரியம் முடிந்த மறுநாளே அவள் குப்பையில் போட்டாயிற்று.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அதிகாரம் பண்ணின கை மட்டும் சும்மா இருந்துவிடுமா?

பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரை கேட்டது. கூடத்தில் ஷூ சத்தம் கேட்டது. வாசல் கதவை அவள் தாழ் போட்டிருந்தாள். சத்தம் மெதுவாகச் சோபாவைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைத் தாண்டி, அறை வாசலில் வந்து நின்றது.

"தொடரலாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

குறட்டை நின்றது. உள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம். திரையில் நீலக்கோடு நகர நகர முனகலும் கூடிக்கொண்டே போனது. கோடு முடிந்தது. சத்தமும் அறுந்தது.

உங்கள் பெயர் என்ன என்று திரை கேட்டது.

ரோகிணி என்று அடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து அழிந்தன. அந்த இடத்தில் 'பா' வந்தது. 'பால' என்று ஆனது.

அழித்தாள். மறுபடி வந்தது.

அழித்தாள். வந்தது.

"ரேஷன் கார்டு உங்க பேர்ல. கேஸ் உங்க பேர்ல. வீடு உங்க பேர்ல" என்றாள். "இது என் பேர்ல. நகருங்க."

ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அறைகிற மாதிரி அடித்தாள். இந்தத் தடவை பெயர் நின்றது. வருக, ரோகிணி என்றது திரை. தன் பெயரை அந்தத் திரையில் முதன்முதலாகப் பார்த்தவளுக்குக் கண் நிறைந்தது. கணினியைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

அப்படியானால் எங்கே?

கைபேசியில் வீடியோ கால் அடித்தது. எடுத்து, புதுத் திரையைக் காட்டிவிட்டு, கணினியோடு சாய்த்து வைத்தாள். பெரிய கட்டத்தில் பிரிசில்லா, மூலையில் சின்னக் கட்டத்தில் ரோகிணி.

"சூப்பர் மேடம், புது சிஸ்டம் வந்துடுச்சே! ஃபைல் அனுப்பியிருக்கேன், முதல் பில்லை ஏத்திக் காட்டுங்க..." பிரிசில்லாவின் பேச்சு நின்றது. "மேடம். உங்க பின்னாடி."

ரோகிணி திரும்பவில்லை. சின்னக் கட்டத்தைப் பார்த்தாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் பாலசுப்ரமணியன் நின்றிருந்தார். அலுவலகச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. அதற்கு மேலே முகம் இல்லை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. துடைத்த சிலேட்டு மாதிரி வழுவழுவென்ற தோல்.

தோல் அசைந்தது. உள்ளிருந்து ஒரு வாய் திறக்கப் பார்த்தது. வழி இல்லை.

"மேடம், எழுந்திருங்க! வெளியே ஓடுங்க!"

"அவர் செத்துட்டார்மா" என்றாள் ரோகிணி. "பில்லைப் படிங்க."

பிரிசில்லா அழத் தொடங்கினாள். அவள் படிக்கவில்லை. ரோகிணியே ஃபைலைத் திறந்தாள். தேதியை அடித்தாள். அறை எண்ணை அடித்தாள்.

தோளின் மேல் விரல்கள் விழுந்தன. குளிர்ந்த விரல்கள். கழுத்தில் ஏறின. தாடையைத் தடவின. உதட்டைத் தொட்டு, இதுவல்ல என்பதுபோல் விட்டன. மூக்கைத் தாண்டின.

அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

விரல்கள் இமையோரம் வந்து நின்றன. இல்லாத கண்ணுக்குக் கண் தேடி வந்தவை, மெல்ல அழுத்திப் பார்த்தன.

ரோகிணி கண்ணை மூடவில்லை.