லியோனார்ட் பட்டறையில் எட்டு பிஸ்டன்

எட்டு பிஸ்டன்களைக் காணவில்லை. அதற்காக ஒருவன் லாக்கப்பில் கிடந்தான்.

1971 மார்ச், காலை பத்து மணி. தேர்தல் பந்தோபஸ்தில் தூக்கம் கெட்டுத் திரும்பிய சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டானிஸ்லாஸ், புகாரைக் கேட்டதும் நாற்காலியில் சரிந்தார். கொலை, கொள்ளை என்றால் உடம்பு தானாக எழுந்து நிற்கும். மோட்டார் சாமானுக்கெல்லாம் எங்கே எழுவது?

சங்கதி இதுதான். ஐஸ் கம்பெனி முதலாளி ராமதாஸ் பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். எட்டு சிலிண்டர். இன்ஜினைப் புதுப்பிக்கும்போது தலை கும்பமாக எழும்பிய பிஸ்டன்தான் வேண்டும், வண்டி ரேஸ் கார் மாதிரி பாய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நம்மூர் பெட்ரோலுக்கு அதைப் போட்டால் இன்ஜின் இடிக்கும், ரோட்டுக்குத் தட்டைத் தலைதான் லாயக்கு என்று மெக்கானிக் லியோனார்ட் மல்லுக்கட்டி ஜெயித்தான். கப்பலில் வந்த பெட்டியை, துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற இன்னாசி வாங்கிவந்து பட்டறையில் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டேன் என்கிறான் லாக்கப்பில் கிடக்கும் இன்னாசி. கண்ணாலேயே பார்க்கவில்லை என்கிறான் லியோனார்ட். இத்தனைக்கும் இன்னாசி அவனுடைய சொந்தத் தங்கை புருஷன்.

அந்தத் தங்கை சிலுவையம்மாள் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள்.

"கேஸு எழுதாத சார். எழுதிட்டா ஹார்பர் வேல பூடும். அப்பால நாங்க இன்னா பண்றது?"

"சாயங்காலம் வரைக்கும் எழுதலம்மா. நீயும் வா."

தண்டையார்பேட்டைப் பட்டறையில் ராமதாஸும் இருந்தார். ஸ்டானிஸ்லாஸ் உட்கார ஒரு டயரைத் தேடிக்கொண்டார்.

"இன்னாசி எப்ப வந்தான்?"

"வரவேயில்ல சார்" என்றான் லியோனார்ட். "மச்சானாச்சேன்னு நம்பினேன்."

"பட்டறையில வேற யாரு?"

"நான் ஒண்டிதான்."

ராமதாஸ் குறுக்கிட்டார். "போனது போவட்டும் சார். வேற செட்டுக்குச் சொல்லப்போறேன். இவன் மொதல்ல முப்பது சைஸ் கேட்டான். இப்ப அதைவிடப் பெரிசு, நாப்பது சைஸ் வேணுமாம்."

"ஏம்ப்பா லியோனார்ட்?"

"பெரிசா கீறது நல்லது சார்."

மூலையில் சாக்கு போட்டு மூடிய இன்ஜின் பிளாக் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் சாக்கை விலக்கினார். பிஸ்டன் ஓடும் எட்டுத் துளைகளும் புதிதாகக் கடையப்பட்டுப் பளபளத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸில் ஓர் அளவு. போலீஸ் மோட்டார் ஷெட்டில் முன்பு குப்பை கொட்டியவர் என்பதால் அளவுக் கருவியைத் தாமே எடுத்து உள்ளே விட்டார். ஏழு துளைகளில் மயிரிழை முன்னே பின்னே. எட்டாவது ரொம்பவே அகலம்.

"ராமதாஸ் சார், உடம்பைப் பார்க்காம தையல்காரன் சட்டை வெட்டுவானா? ஒரே சைஸ்னாலும் ஒவ்வொரு பிஸ்டனும் துளி வித்தியாசப்படும். அதைக் கையில வச்சு அளந்துட்டுத்தான் அதோட துளையைக் கடைவாங்க. பட்டறை வழக்கமே அதான். பெட்டி வரலைன்னா நீ எதை அளந்து கடைஞ்ச லியோனார்ட்?"

லியோனார்ட் சாக்கை இழுத்து மறுபடி மூடப்போக, ஸ்டானிஸ்லாஸ் தடுத்தார்.

"எட்டாவதுல கை தவறிடுச்சு. முப்பது சைஸ் பிஸ்டன் அதுல லொடலொடன்னு ஆடும். அதனால பெட்டியே வரலைன்னுட்ட. நாப்பது வந்தா எட்டையும் மறுபடி கடைஞ்சிடலாம், தப்பு வெளியே தெரியாது."

லியோனார்ட் தரையில் குந்திவிட்டான். "கரி மூட்டைக்குப் பின்னால கீது சார்."

"ஒரு ஓட்ட பெரிசாப்போச்சுன்னு சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றார் ராமதாஸ். "நானே நாப்பது வாங்கிக் குடுத்திருப்பேனே!"

"உங்ககிட்ட அவ்ளோ சண்ட புடிச்சு ஜெயிச்சிட்டு, அப்பால நானே கெடுத்துட்டேன்னு சொல்ல வாய் வரல மொதலாளி. மச்சான ரெண்டு தட்டு தட்டி வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"தட்டிட்டாங்கண்ணே" என்றாள் சிலுவையம்மாள். "கம்பி வழியா பாத்தேன். வின்ச்சு ஓட்ற கைய மடக்கவே முடியல அவரால."

கேஸ் எழுதாமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்த ஸ்டானிஸ்லாஸுக்கு வெட்கமாக இருந்தது. அடித்தது அவருடைய ஸ்டேஷன்.

"வாம்மா. அவனை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினாள்.