ஈர ஓடுகளில் டோகியா

மூன்றாம் வரிசையில் ஏழாவது ஓட்டில் ஒரு கால் பதிந்திருந்தது.

ஈர ஓட்டில் எதுதான் பதியாது? நாய் மிதிக்கும், கோழி கிளறும், ஒருமுறை ஆட்டுக்கிடா ஒன்று முப்பது ஓடுகளைச் சேதப்படுத்திவிட்டு நிம்மதியாகப் போனது. அதற்காக யாரும் ஓட்டைத் தூக்கி எறிவதில்லை. கூரைமேல் ஏறியபின் எந்தக் காக்கை வந்து குறை சொல்லப்போகிறது என்று சுட்டு விற்றுவிடுவார்கள். ஆனால் அந்த ஓட்டின் முன் குந்திய சத்தோ எழுந்திருக்கவே இல்லை. ஆரார் ஆற்றிலிருந்து ஏறிய விடிகாலை மூடுபனி களத்தை முழங்கால் உயரத்துக்கு மூடியிருந்தது. களிமண்ணின் புளித்த வாடை, சூளையில் ஆறிக்கொண்டிருந்த சாம்பலின் சடசடப்பு, ஆற்றில் யாரோ படகு தள்ளும் சத்தம் எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன. வலது கால். ஒரு சாண்கூட இல்லை. நான்கு விரல்கள் அழுந்தியிருந்தன. சுண்டுவிரல் இல்லை.

போன வருடம் ஓடு விழுந்து சுண்டுவிரல் மேல்நோக்கி மடங்கிப்போனது அவன் மகள் டோகியாவுக்கு. டோகியா காய்ச்சலில் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

சத்தோவுக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. மாரை அடைக்கும் சந்தோஷம். அந்தப் பள்ளத்தில் தன் உள்ளங்கையை வைத்து அமர்ந்திருந்தான். பிறகு வைக்கோலைப் போட்டு மூடினான். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஊர்ப்பக்கத்தில் பல் முளைக்காத குழந்தை இறந்தால் எரிப்பதில்லை. வீட்டு இறவாரத்தின் கீழ், கூரைத்தண்ணீர் சொட்டும் இடத்தில் புதைப்பார்கள். இன்னும் உலகத்துக்குள் வராத பிள்ளை, வீட்டோடு இருக்கட்டும் என்று. பல் முளைத்தவர்களை எரித்துச் சாம்பலை எல்லைக்கல்லுக்கு அப்பால் சாலையோரம் வைக்கவேண்டும். டோகியாவுக்கு ஏழு வயது. பால்பல் விழுந்து புதுப்பல்லும் வந்தாயிற்று. ஆனால் சத்தோ இருபது வருடமாகச் சூளையின் வாய் வழியே நெருப்பைப் பார்த்தவன். எது எப்போது கறுக்கும், எது எப்போது வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரியாதவர்கள் எரிக்கலாம். அவன் இறவாரத்தின் கீழ் குழி தோண்டி மகளைப் படுக்கவைத்து, தன் கையால் சுட்ட ஓடுகளைக் கூடாரமாகச் சாய்த்து மூடினான்.

சூளைக்கு விறகு தள்ளும் மாத்துரோ, சத்தோ மனைவியின் தம்பி, அன்றே சொன்னான்.

"மச்சான், பல்லு விழுந்து மொளச்ச புள்ள. வீட்டுலயே வெச்சுக்கிட்டா, செத்துட்டோம்னு அதுக்கே தெரியாது."

"தெரியவேணாம்."

"வீம்பு பண்ணாத. போறவங்களுக்கும் ஒரு வழி விடணும்ல?"

"எம் பொண்ணு எங்கயும் போகவேணாம்டா. இங்கயே இருக்கட்டும்."

முதல் கால் பதிந்ததற்கு மறுநாள் விடிந்தபோது மூன்று கால்கள் பதிந்திருந்தன. இறவாரத்திலிருந்து கிளம்பி வீட்டு வாசலைப் பார்த்து. அன்று சத்தோ செய்த காரியத்தைப் புத்தியுள்ளவன் செய்யமாட்டான். பெற்றவன் செய்வான். அச்சிலிருந்து எடுத்த புது ஓடுகளைக் களத்தில் பரப்பாமல், இறவாரத்திலிருந்து வாசல்வரை ஒரு பாதைபோல அடுக்கினான். இருபது ஓடுகள்.

பானோனா பத்து மாதக் குழந்தை லூக்கோவுடன் வாசலில் நின்று கணவனைப் பார்த்தாள்.

"களத்துல எடமா இல்ல? காலு வைக்க வழியில்லாம வாசல்ல பரப்புற?"

"இங்கதான் வெயிலு நல்லா விழுது."

"எந்த வெயிலு? பத்து நாளா பனிதான் கொட்டுது. உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு."

அவளுக்கும் கிறுக்குத்தான் பிடித்திருந்தது. இருவருக்கும் அதே துக்கம்தான். ஆனால் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப்பின் தினமும் பாதையில் புது ஓடுகளை மாற்றி அடுக்கி, விடியுமுன் எழுந்து ஓடினான். இருபது ஓட்டிலும் கால்கள் இருந்தன, வாசற்படிவரை. ஒவ்வொன்றாகத் தடவினான். "குளுருதாடா கண்ணு?" என்று ஈர மண்ணிடம் கேட்டான். பகலில் வேலை ஓடவில்லை. பொழுது எப்போது விடியும் என்றே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, பார்லிக் கஞ்சியை ஊற்றியபடி பானோனா சொன்னாள்.

"லூக்கோ நாலு நாளா ராத்திரியில அழறதே இல்ல, பாத்தியா? ஈறு வீங்கிக் கெடக்கு, வீறிட்டு அழணும். யாரோ இடுப்புல வெச்சு ஆட்டுற மாதிரி தூக்கத்துல சிரிக்கிறான்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். மண்ணுக் கையோட மட்டும் அவனத் தூக்காத. அக்குளப் பாரு, ஒரே சேறு."

டோகியா போனதிலிருந்து சத்தோ மகனைத் தொடவே இல்லை. லூக்கோ எப்போதும் அக்காவின் இடது இடுப்பில்தான் இருப்பான். அவனைச் சுமந்து அவள் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பாள். அந்த இடுப்பு இல்லாமல் மகனைப் பார்க்க அவனால் முடியவில்லை. இப்போது குனிந்து பார்த்தான். இரண்டு அக்குளிலும் காய்ந்து வெடித்த களிமண். சின்னச் சின்ன விரல் தடங்கள்.

கஞ்சியை வைத்துவிட்டு வெளியே வந்தான். இத்தனை நாளும் அவன் வரும் கால்களை மட்டும்தான் பார்த்திருந்தான். திரும்பிப் போகும் கால்களைப் பார்க்கவில்லை. மண்ணில் எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு பாரம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. வந்தவை லேசாக இருந்தன. போனவை ஆழமாக இருந்தன. இடது கால் இன்னும் ஆழம். வாசலிலிருந்து பதினாறாவது ஓடுவரை போய், அங்கே திரும்பி, மறுபடி வீட்டுக்குள் வந்திருந்தன. முந்தைய நாள் ஓடுகளை எடுத்துப் பார்த்தான். எட்டாவதுவரை. அதற்கு முந்தைய நாள் நான்காவதுவரை.

மீதி நான்கு ஓடுகள். அதற்கு அப்பால் இறவாரம்.

ஓடுகளை வாரி ஆற்றில் எறியத்தான் குனிந்தான். கை வரவில்லை, அவற்றில் அவள் கால் இருந்தது.

"மாத்துரோ, இன்னைக்கே எரிச்சிடலாம்," என்றான் சூளையடிக்கு ஓடிப்போய். "விறகு கொண்டா."

எதற்கும் கேலி பேசுகிற மாத்துரோ உடனே விறகுக்கட்டைத் தூக்கினான். "சரி மச்சான். சாலையோரம் அடுக்குறேன். நீ புள்ளைய எடுத்துட்டு வா," என்று மட்டும் சொன்னான்.

பானோனாவிடம் கதவைத் தாழிடச் சொன்னான். "லூக்கோவ மடிய விட்டு எறக்காத. கேள்வி கேக்காத."

மண்வெட்டியோடு இறவாரத்தின் கீழ் இறங்கியபோது பகல்தான். ஆனால் பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவன் பிடரியில் விழுந்தது. நாற்றம் வரும் என்று மூச்சை அடக்கியிருந்தான். வரவில்லை. தூங்கும் குழந்தையின் உச்சந்தலை வாசம் வந்தது. ஓட்டை நகர்த்தினான். இன்னொன்று. மகளை அவன் மல்லாந்து படுக்கவைத்திருந்தான், மார்மேல் கை சேர்த்து. இப்போது அவள் ஒருக்களித்துச் சுவரோடு ஒட்டிக்கிடந்தாள். முகத்தை அவன் பார்க்கவில்லை. இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. அதனருகில் மண் தடவிச் சமப்படுத்தப்பட்டிருந்தது. ஒரு கைக்குழந்தை படுக்கும் அளவுக்கு.

வீட்டுக்குள்ளிருந்து பானோனாவின் அலறல்.

"யோவ்! லூக்கோவ நீயா எடுத்துட்டுப் போன? கண்ணு ஒரு நொடி சொக்குச்சு, மடியில காணோம்!"

சிரிப்புச் சத்தம். பனிக்குள்.

லூக்கோ வந்தான். தரையில் அல்ல. ஏழு வயதுப் பெண்ணின் இடுப்பு உயரத்தில், ஒரு பக்கம் சாய்ந்து, இல்லாத ஒரு தோளைப் பற்றிக்கொண்டு. அவனுக்குக் கீழே ஓட்டில் இடது கால் அழுந்தியது. வலது கால். பதினேழு. பதினெட்டு.

"டோகியா. தம்பியக் குடும்மா. அப்பாட்ட குடு."

பத்தொன்பது.

சத்தோ பாய்ந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்தான். எதிர்ப்பக்கமும் இழுத்தது. ஏழு வயதுப் பிள்ளையின் பலம், அதற்குமேல் ஒரு துளி இல்லை. ஒற்றைக் கையால் ஜெயிக்கலாம். ஜெயித்துக்கொண்டும் இருந்தான். அப்போது அவன் விரல்களின்மேல் சின்ன விரல்கள் விழுந்தன. குளிர்ந்து இல்லை. வெதுவெதுப்பாக, மண் ஈரத்தோடு.

நாற்பது நாள் அந்தக் கைக்காக ஏங்கியவன்.

பிடி தளர்ந்தது. ஒரு மூச்சு நேரம்தான்.

சிரிப்பு அவன் முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கியது. குனிந்து பார்த்தான். நீண்டிருந்த கை இப்போது மடங்கியிருந்தது. அதற்குள் லூக்கோ, அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு. குழிக்குள்ளிருந்து நான்கு விரல்கள் ஓட்டின் விளிம்பைப் பற்றின. போர்வையை இழுத்துப் போர்த்துவதுபோல மெல்ல இழுத்தன.

ஓடு மூடியது. அதன் அடியில் குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தான்.