நிழலில் அணையாதது

இரவு எட்டு பதினேழு. விண்வெளி நிலையம் பூமியின் நிழலுக்குள் புகுந்து அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை.

கோகிலன் தொலைநோக்கியைக் கையால் நகர்த்தியபடி அதைத் தொடர்ந்தான். அதில் பொருத்திய கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சட்டையின் பின்நுனி லேசாக இழுபட்டது. துளசி. நான்கு வயது மகள்.

போன மாதம் அவன் இப்படிப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய ஈயச் சுரங்கக் குட்டைவரை நடந்து போய்விட்டாள். முழங்கால்வரை சேறோடு பிள்ளையைத் தூக்கி வந்தாள் மனைவி விமலா.

"வானத்தையே பாருங்க லா. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சு, புள்ளையத் தூக்கிக்கிட்டு சித்தியவானுக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன்."

அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அவன் கண் வானத்தில் இருக்கும் நேரமெல்லாம் துளசி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடி இருக்கும்வரை பிள்ளை இருக்கிறாள். விமலாவுக்கு இன்று தொழிற்சாலையில் இரவு வேலை.

"விட்ராதம்மா."

பிடி இறுகியது.

ஒளிப்புள்ளி மெதுவாகி, வீட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. வானத்தில் சுற்றும் எதுவும் அப்படி நிற்காது. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரே மூச்சில் ஓய்ந்தன. அவன் பிறப்பதற்கு முன்பே ரப்பர் மரங்களை வெட்டிவிட்ட அந்தத் தோட்டத்தில், ஈரக்காற்றோடு ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் ஏறி வந்தது. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"துளசி, உள்ள போலாம்."

சட்டை இழுபட்டது.

கேமராவின் திரையைப் பார்த்தான். நிலையத்தின் இறக்கைகள் இல்லை. மேலிருந்து எடுத்த ஒரு தகரக் கூரை. முற்றம். தொலைநோக்கியின் மேல் குனிந்த ஒருவன். கோடு போட்ட சட்டை.

கையைத் தூக்கினான். திரையில் இருந்தவனும் தூக்கினான்.

அவனுக்குப் பின்னால் ஒன்று நின்றது. ஆளைவிட நீளம். வளைந்து, சட்டையைப் பிடித்துக்கொண்டு.

பிள்ளை எங்கே? முற்றத்தில் இல்லை. குட்டைக்குப் போகும் பாதையில் இல்லை.

வாசற்படியில். விளக்கு வெளிச்சத்தில். கையில் பால் போத்தல்.

உள்ளே போ. கதவைச் சாத்து. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பிடி மேலேறியது. இடுப்பு. முதுகு. கழுத்து.

திரையில் அந்தச் சின்ன உருவம் போத்தலைக் கீழே வைத்தது. படியிறங்கியது. சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டிக்கொண்டு வந்தது.

செருப்புச் சத்தம் மிக அருகில் நின்றது.

"அப்பா, நான் எங்க புடிச்சிக்கிறது?"