இருக்கிறார்... தூங்குகிறார்!

போன் அலறியது.

டாக்டர் மேகலா எடுத்தாள்.

"பாகலூர் ரோடு கண் ஆஸ்பத்திரிங்களா? வெள்ளைச்சாமின்னு ஒரு பேஷன்ட்... அங்க இருக்காரா?"

மேகலா யோசிக்கவே இல்லை.

"இருக்காரு. ஆபரேஷன் முடிஞ்சு தூங்கறாரு."

"நடுவுல வெளிய போகலையே?"

"கண்ல கட்டோட எங்க போவாரு? நாளைக்குத்தான் டிஸ்சார்ஜ்."

"நேர்ல வந்து பாத்துக்கறேன் மேடம். நான் இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன்."

மேகலா போனை வைத்தாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் என்றல்லவா நினைத்தாள்!

வெள்ளைச்சாமி, சிப்காட் கம்பெனி ஒன்றின் வாட்ச்மேன். காலையில் கண்புரை ஆபரேஷன். மதியமே அனுப்பிவிட்டாள். ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தால்தான் இன்ஷூரன்ஸ் கிடைக்கும் என்பது மேகலாவின் நம்பிக்கை. ஆனால் படுக்கைகள் குறைவு. அதனால் ஆளை வீட்டுக்கு அனுப்புவாள். யார் கேட்டாலும் 'இருக்கிறார்' என்பாள்.

கண்புரைக்கு அப்படி ஒரு விதியே கிடையாது! காலையில் வந்து மதியம் போனாலும் பணம் வரும். மேகலா விதியைப் படித்ததுமில்லை, யாரையும் கேட்டதுமில்லை. வருஷக்கணக்காக வீண் பொய்.

போகும்போது வெள்ளைச்சாமி கெஞ்சிய குரல் இப்போது காதில் கேட்டது.

"இன்னிக்கு ஒரு ராத்திரி இங்கயே இருந்துக்கறனே மேடம்... ரூம்ல பேச ஒரு ஆளில்ல."

"பெட் இல்லைங்க. வீட்டுக்குப் போங்க. கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

துணைக்கு வந்த மணி, வெள்ளைச்சாமி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாளுடைய அண்ணன் மகன், அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு முதலில் கிளம்பிப் போனான்.

ஆஸ்பத்திரி மாடியில் தனியாகக் குடியிருக்கும் மேகலாவுக்கும் பேச ஆளில்லைதான். அது தெரிந்தும் அந்த மனிதரை அனுப்பியதுதான் இப்போது அவளை உறுத்தியது.

ஜீப் வந்து நின்றது.

"என்ன சார் விஷயம்?"

"மூக்கண்டப்பள்ளியில ஒரு கொலை மேடம். நாராயணம்மா. வெள்ளைச்சாமி குடியிருக்கற வீட்டுக்காரம்மா. மத்தியானத்துக்கு மேல யாரோ கழுத்த நெரிச்சிட்டு செயினோட ஓடிட்டான். வெள்ளைச்சாமிதான் ஓடினாருன்னு அவங்க அண்ணன் மகன் மணி சொல்றான். கண்ணால பாத்தானாம்."

இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீங்க இங்கதான் இருக்காருன்னீங்க. அப்ப அவரு தப்பிச்சாரு. எங்க, ஆளக் காட்டுங்க."

பொய்யைத் தொடர்ந்தால் ஒரு கொலைகாரன் தப்பலாம். உண்மையைச் சொன்னால் அந்த ஒண்டிக்கட்டை ஜெயிலுக்குப் போவார். ஆஸ்பத்திரி பெயரும் நாறும்.

மேகலா கண்களை மூடித் திறந்தாள்.

"இல்ல சார்... அவரு இங்க இல்ல. மத்தியானமே அனுப்பிட்டேன். இன்ஷூரன்ஸ்காரங்கன்னு நெனச்சு பொய் சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்தார். "மணி சொன்னது கரெக்ட்டுப்பா. பஸ் ஸ்டாண்டுல தேடுங்க. ஒரு கண்ல கட்டு..."

"யாரு, வெள்ளைச்சாமிங்களா?" மருந்து ட்ரேயோடு வந்த நர்ஸ் அனிதா குறுக்கிட்டாள். "ஹால்ல டிவி பாத்துட்டு இருக்காரே மேடம்."

"என்ன?"

"மத்தியானத்துலேர்ந்து அங்கதான். தயிர்சாதம் கூட நாந்தான் குடுத்தேன். வந்த பேஷன்ட் அத்தனை பேர்கிட்டயும் ஊர் விசாரிச்சிட்டு இருக்காரு."

இருவரும் ஹாலுக்கு ஓடினார்கள்.

நாற்காலிக் கூட்டத்தின் நடுவே, ஒற்றைக் கண்ணோடு, வெள்ளைச்சாமி!

"கோச்சுக்காதீங்க மேடம். வீட்டுக்குப் போக மனசு வரல. இங்க ஆளுங்க இருந்தாங்க..."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார்.

"இவரு இங்க... அப்ப மணி யாரைப் பாத்தான்?"

"யாரையும் பாக்கல சார்," என்றாள் மேகலா மெதுவாக. "நான் இவரை அனுப்பினப்ப பக்கத்துல நின்னு கேட்டான். இவரு வீட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சிருக்கான். நான் பொய் சொல்லுவேன், அது சீக்கிரமே உடையும், அப்ப சந்தேகம் இவர் மேலதான் விழும்... அதை நம்பித்தான் கதை கட்டியிருக்கான்."

செல்போன் மறுபடி இன்ஸ்பெக்டரின் காதுக்குப் போனது. "பஸ் ஸ்டாண்ட விடுங்கப்பா. மணியப் புடிங்க!"

விஷயம் தெரிந்ததும் வெள்ளைச்சாமியின் ஒற்றைக் கண் கலங்கியது.

"வந்தியாப்பான்னு கேக்கறது அந்தம்மா ஒண்ணுதான் சார். அதுவும் போச்சா..."

மேகலா அவர் தோளைத் தொட்டாள்.

"மணி முதல்ல கிளம்பிப் போனதுக்கு நீங்க சாட்சி சொல்லணும் பெரியவரே," என்றார் இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பியபடி. "அவசரமில்ல, காலைல ஸ்டேஷனுக்கு வந்தா போதும்."

வெள்ளைச்சாமி சட்டென்று எழுந்தார்.

"இப்பவே வரேனே சார்... ஸ்டேஷன்ல ராத்திரி பூரா ஆளுங்க முழிச்சிருப்பாங்கல்ல?"