காலி நாற்காலிக்குச் சமம்

வாசலில் கைரேகை பார்க்கும் தட்டில் ஜெனிட்டா கை வைத்ததும், இடம் ஒதுக்கும் இயந்திரமான அமர்வான் அவளுக்கு முப்பத்தொன்பதாம் நாற்காலியைக் கொடுத்தது. பின்சுவர் ஓரம். அவளுக்கு இரண்டடி பின்னால் வந்த தீபக்குக்கு மூன்றாம் நாற்காலி. முன்பக்க ஜன்னல் ஓரம்.

"ஹரிணிக்கா, இது நாலாவது நாள். ரெண்டு பேரும் ஒரே பாலத்துக்குத்தான் வரைபடம் போடறோம். இங்கேருந்து அங்கே கத்தியா பேசிக்கிறது?" என்றாள் ஜெனிட்டா.

"கத்தினா அமர்வான் உன்னை மொட்டை மாடிக்கே அனுப்பிடும்," என்றாள் ஹரிணி.

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு மட்டும் தினம் புருஷன் பக்கத்துலயே இடம்."

ஹரிணிக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஊரப்பாக்கத்தில், மளிகை அங்காடிக்கு மேல்மாடியில், நாற்பது நாற்காலிகளோடு அவளும் பிரசன்னாவும் 'அணில்' பகிர்பணிக்கூடத்தைத் தொடங்கி ஆறு வருடமாகிறது. முதல் நான்கு வருடம் பஞ்சாயத்திலேயே போயிற்று. ஒருவருக்குக் குளிரினால் இன்னொருவருக்குப் புழுங்கியது. நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தவருக்கு எதிராக ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவோடு போனில் சண்டை போடுகிறவர், பக்கத்து நாற்காலியில் தன் பையை உட்கார வைக்கிறவர் என்று தினம் ஒரு வழக்கு. அப்புறம்தான் அமர்வான் வந்தது. நாற்காலிக் கைப்பிடியில் நாடி பார்க்கும். மேசை விளிம்பிலிருந்து கண்ணசைவைப் பார்க்கும். யார் பக்கத்தில் யார் இருந்தால் வேலை ஓடுகிறது என்று நாள் முழுக்கக் கவனித்து, மறுநாள் காலை இடம் ஒதுக்கும். சராசரிக் கவனம் எழுபதுக்குக் கீழே போகும் கூடங்களில் நிறுவனங்கள் தங்கள் ஆட்களை உட்கார விடுவதில்லை. அணில் எண்பத்தாறில் இருந்தது. சண்டை என்ற பேச்சே இல்லை.

ஹரிணிக்கு எப்போதும் முன்மேசை, ஒன்றாம் எண். பிரசன்னாவுக்கு அமர்வான் எட்டு மாதமாக இரண்டாம் எண்ணையே கொடுத்துவந்தது. "மெஷினுக்கே தெரியுது பாரேன்," என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்று பன்னிரண்டரைக்குப் பிரசன்னா வழக்கம்போல் டப்பாவோடு மாடிக்குப் போனான். முன்மேசையில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் அவன் பன்னிரண்டரைக்கும் அவள் ஒன்றரைக்குமாகச் சாப்பிடுவது நாலு வருடப் பழக்கம். ஜெனிட்டாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஹரிணி, அதுவரை பிரசன்னா மட்டுமே பார்த்துவந்த காரணப் பட்டியலைத் திறந்தாள்.

'ஜெனிட்டா, தீபக்: இவர் சிரித்தால் அவருக்குப் பதினொரு நிமிடம் வேலை ஓடுவதில்லை. அவர் எழுந்து போனால் இவர் கண் கதவிலேயே இருக்கிறது. அதிகபட்சத் தூரம் தேவை.'

ஹரிணிக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பெண்ணுக்கே தெரியாதோ என்னவோ! சிரித்துக்கொண்டேதான் பட்டியலின் முதல் வரிக்குப் போனாள்.

'ஹரிணி, பிரசன்னா: ஒருவர் வருவதும் போவதும் மற்றவர் நாடியில் பதிவாவதில்லை. காலி நாற்காலிக்குச் சமம். மிகச் சிறந்த அண்டை.'

இரண்டு முறை படித்தாள். பிறகு முன்மேசையை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த பிரசன்னா நிமிர்ந்து பார்த்தான். "கீழே யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாராவது வந்தா?"

"வந்தா நிக்கட்டும். காரணப் பட்டியலைப் பார்த்தேன்."

அவன் கை சாதத்தில் அப்படியே நின்றது.

"உனக்கு எப்போ தெரியும் பிரசன்னா?"

"தீபாவளிக்கு முன்னாடி."

"ஆறு மாசமா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என்னன்னு கேக்கச் சொல்ற? மரத்துப்போனது உன் நாடியா, என் நாடியான்னு அது பிரிச்சுப் போடல. என்னோடதா இருந்தா நான் தப்புப் பண்றேன், சரி பண்ணிக்கலாம். உன்னோடதா இருந்துட்டா?" அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிற தைரியம் எனக்கு இல்ல."

ஹரிணியும் டப்பாவைத்தான் பார்த்தாள். ஓரத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் ஒதுக்கி வைத்திருந்தது.

"இதோ, இதையும்தான் சொல்றதில்ல. பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே? தினம் மிச்சம் வெக்கிற, நான் தினம் காக்காவுக்குப் போடறேன்."

"காக்காவுக்கா!" பிரசன்னா எழுந்தே விட்டான். "அடிப்பாவி, அது உனக்குடி! முறுகினதுதானே உனக்குப் பிடிக்கும்? பொறுக்கி எடுத்து வெச்சு, உன் மேசையிலதானே டப்பாவை வெச்சிட்டுப் போறேன்?"

"கழுவத்தான் வெக்கிறியோன்னு நெனச்சேன்."

"நாலு வருஷமா?"

"நாலு வருஷமா."

ஊரப்பாக்கத்துக் காக்கைகள் கொடுத்துவைத்தவை என்றான் அவன். அவள் அழுகையும் சிரிப்புமாக அந்த ஆறிப்போன பொரியலைத் தின்றாள். கீழே அழைப்பு மணி மூன்று முறை அடித்தது. யாரும் போகவில்லை.

மறுநாள் காலை பிரசன்னா வாசல் தட்டில் கை வைத்தான். நாற்பது. கடைசி மூலை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவன் கூடத்தைக் கடந்து போக, யாரை ஏன் தூரத்தில் வைக்கிறது என்ற காரணத்தை முந்தின மாலை ஹரிணியிடம் கேட்டறிந்திருந்த ஜெனிட்டா, "வாழ்த்துகள்கா!" என்றாள்.

"உஷ்!"

ஜெனிட்டாவிடம் சொன்னதுதான் தப்பு. வாரம் முடிவதற்குள் கூடம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் எதிர்மூலையில் யார் என்று எட்டிப் பார்த்தார்கள். தீபக் ஜன்னலை விட்டுத் திரும்பி உட்கார்ந்தான். கருவாட்டுக்காரரையும், அவருக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிய அம்மாளையும் அமர்வான் முதல் நாளிலிருந்தே எதிரெதிர் மூலைகளில்தான் வைத்திருந்தது. நாடி துடிப்பது பிரியத்திலா கோபத்திலா என்று அதற்குத் தெரியாது. இப்போது அவர்களுக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தார்.

சுவர்த் திரையில் சராசரிக் கவனம் இறங்கத் தொடங்கியது: எண்பத்தொன்று. எழுபத்தாறு. வெள்ளிக்கிழமை எழுபத்தொன்று. அன்று நண்பகலில் ஹரிணியின் திரையில் அமர்வான் முதல்முறையாகத் தானாக எழுதியது: 'கூடத்தில் மூலைகள் போதவில்லை. ஒன்றுக்கும் நாற்பதுக்கும் இடையே உள்ள தூரமும் போதவில்லை. இருவரில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்யப் பரிந்துரைக்கிறேன்.'

ஹரிணி இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்தாள். முப்பத்தெட்டுத் தலைகள் கூடவே திரும்பின.

"என்னவாம்?" என்றான் பிரசன்னா.

"உன்னை வீட்டுக்கு அனுப்பணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பினா யோசிக்கலாம்னு சொல்லப் போறேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அமர்வான் வந்த பிறகு முதல்முறையாக, சுவரில் எண் எழுபதுக்குக் கீழே இறங்கி அறுபத்தொன்பதாயிற்று. நிறுவனங்களுக்குத் தகவல் போகும், தொலைபேசி அடிக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஹரிணி சுவரைப் பார்த்தாள். பிரசன்னாவும் பார்த்தான்.

"டப்பாவைத் திற," என்றான். "இன்னிக்கு முறுகலா இருக்கா?"