ஆதிமூலம் இரவல் கொடுத்த குரல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, முதலியார்பேட்டை டீக்கடையில், ஆதிமூலத்துக்கு ‘டீ’ என்கிற சொல் வரவில்லை.

தொண்டைக் கட்டு இல்லை. இருமல் இல்லை. கடைக்காரர் அம்மாவாசையிடம் மழையைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகத்தான் பேசினார். இந்த ஒரு சொல்லுக்கு வாயைத் திறந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது. “சூடா ஒண்ணு குடுப்பா” என்று சமாளித்தார்.

“இன்னாண்ணே, புதுசா கேக்குறீங்க? இப்பதான் உங்க கூட்டாளி பாவாடை வந்துட்டுப் போனாரு. கையில வெச்சிருக்குற அந்தப் பேசுற பலகையைத் தட்டுனாரு பாருங்க, அப்படியே உங்க கொரலு! ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ன்னுச்சு. நான் உங்களத்தான் தேடுனேன்.”

ஆதிமூலம் சிரித்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமைப்பட வேண்டிய குரல்தான். மில்லில் ஆள் குறைத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போட்டது அதுதான். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு திருவிழா சொல்வார், துணிக்கடைத் தள்ளுபடி சொல்வார், சாவு சொல்வார். கனகசெட்டிக்குளத்தில் ஒருமுறை சாவு சொன்னபோது, பாடையில் கிடந்தவர் யாருக்கு என்று தலையைத் தூக்கிப் பார்த்தாராம்; தன் பெயர் என்று தெரிந்ததும் மரியாதையாகத் திரும்பப் படுத்துக்கொண்டாராம். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பாவாடை, மில்லில் அவருக்குப் பக்கத்துத் தறி. தறி ஓடுகிற இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே எல்லோரும் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். அதனால்தான், புற்றுக்காகக் குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மூச்சு விடுகிற ஓட்டையோடு பாவாடை வீடு திரும்பியபோது, அவர் சொல்வது ஆதிமூலத்துக்கு மட்டும் புரிந்தது. ஊருக்குப் புரிய வேண்டாமா? பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஹனீன் என்ற பெண் ஒரு பலகையைக் கொண்டுவந்தாள். கட்டம் கட்டமாகச் சொற்கள், தொட்டால் பேசும். ஆனால் அதிலிருந்தது ரயில் நிலையத்தில் அறிவிக்கிற பெண்ணின் குரல். பாவாடை முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதடு அசைந்தது: உங் கொரலக் குடுடா.

“உனக்குக் குடுக்காம வேற யாருக்குடா?” என்றார் ஆதிமூலம்.

குரலைப் பலகைக்குள் ஏற்றத் தொள்ளாயிரம் வாக்கியங்கள் படிக்க வேண்டியிருந்தது. ஊர் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணி வரை செத்ததுபோலக் கிடக்கும். பதிவுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை என்றாள் ஹனீன். பதினோரு மதியங்கள், பாவாடையின் பின்னறையில், ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வையும் டெட்டாலும் பழைய பஞ்சின் புழுக்க வாடையும் கலந்த அந்த இருட்டில் உட்கார்ந்து, தண்ணி வேணும், கழுத்து வலிக்குது, மழை வர்ற மாதிரி இருக்கு என்று அவர் ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்போதும், கட்டிலில் படுத்திருந்த பாவாடையின் கழுத்து ஓட்டை ஒரு மடக்குக் காற்றை உள்ளே இழுத்தது. மூச்சு விடுகிற மாதிரி இல்லை. குடிக்கிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா இறந்துபோனார். மைக்கைப் பிடித்த ஆதிமூலத்துக்கு ஊர், பேர், அடக்கம் செய்கிற நேரம் எல்லாம் வந்தது. ‘காலமானார்’ வரவில்லை. நாலு தெருவுக்கு அவர் “இன்றைக்கு இல்லை, இன்றைக்கு இல்லை” என்று சொல்லிக்கொண்டே போக, சொல்தாவின் மகன் ஆட்டோவை மறித்தான். “எங்க அப்பா இன்னா, தீந்துபோன கேசு சிலிண்டரா?” காலையில் துக்கம் கேட்கப் போன பாவாடை, பலகையைத் தட்டிச் சொன்ன முதல் சொல் ‘காலமானார்’தான் என்று பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை அவர் பாவாடை வீட்டுக்குப் போனார்.

“டேய், நீ அதைத் தட்டத் தட்ட எனக்குக் கொறையுதுடா. கொஞ்ச நாளைக்கு மூடி வைடா.”

பாவாடை சிரித்தார். உதடு மட்டும் அசைந்தது: அறுபத்தஞ்சு வருஷம் நீ பேசிட்ட. இப்ப எம் மொறை.

“வெளையாடாதடா. அதுலதாண்டா எம் பொழப்பு.”

பாவாடை பலகையை மடியில் வைத்துக்கொண்டு, வேர்க்கடலை உரிக்கிற நிதானத்தில், ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார்.

“வாங்க,” என்றது ஆதிமூலத்தின் குரல். “சாப்பாடு. நாளைக்கு. வேணாம். போதும்.”

போதும் என்று கத்த ஆதிமூலம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“ஆதிமூலம்,” என்றது பலகை. அவர் பெயரும் போயிற்று.

மில்லில் சங்கு ஊதிய பிறகு ஆதிமூலம் பிந்தி வந்தபோதெல்லாம் அவருக்காகப் பொய் சொன்ன உதடு அது. அதைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கி வெளியே வந்தார்.

வீட்டில் சுலோசனாவுக்குக் கண் புரை எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. எடுத்த கண் ஆறாததால் அதன்மேல் இன்னும் கட்டு. எடுக்காத கண்ணில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு எழுத்தும் தெரியாது. புருஷன் என்பது அவளுக்கு இப்போது ஒரு குரல்.

“ஏங்க, ரெண்டு நாளா பேச்சையே காணோம்? எம்மேல எதுனா கோவமா?”

கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார். பாவாடை தட்டித் தட்டி மற்றதெல்லாம் போய், அவரிடம் மிச்சமிருந்தவை இரண்டே சொற்கள்: சுலோ, நான்தான். வெளியே போய் வந்தால் கதவைத் தட்டி அதைத்தான் சொல்வார், தாழ்ப்பாள் விலகும். இந்த இரண்டு இருந்தால் போதும், மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்று வெற்றிலைச் சாறுபோல அவற்றை வாய்க்குள்ளேயே அடக்கிவைத்திருந்தார். தூங்கும்போதுகூட வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம், ஷட்டர்கள் இறங்கி, தெரு நாய்கூட நிழலில் ஒட்டிக்கொண்ட பிறகு, பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினார்.

பாவாடை வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. கட்டிலின் மேல் பலகை மட்டும் கிடந்தது. குழந்தையை வாரி எடுப்பதுபோல எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரலால் ‘தண்ணி’யைத் தொட்டார்.

ரயில் நிலையத்துப் பெண் பேசினாள்.

இன்னொன்று தொட்டார். அவளேதான். ‘வலிக்குது’. அவள். ‘ஆதிமூலம்’. அவள். பலகைக்குள் அவர் குரல் இல்லை.

அது கிடந்த இடத்துக்கு அடியில் ஒரு தாள். பாவாடையின் கோணல் கையெழுத்து. ஹனீன் கொடுத்த பட்டியலில் இல்லாத வாக்கியங்கள். ஆதிமூலம் படித்தே இராத வாக்கியங்கள். பழகிப் பார்த்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சில் டிக்.

சுலோ, நான்தான்.

சுலோ, கட்ட அவுக்காத, கண்ணு கெட்டுடும்.

சுலோ, பாவாடை செத்துட்டான்.

சுலோ, இனிமே எவன் வந்து தட்டுனாலும் கதவத் தொறக்காத.

ஓடினார். வெயில் தார்ச் சாலையிலிருந்து எழுந்து முகத்தில் அறைந்தது. மூடிய ஷட்டர்கள். மூடிய ஜன்னல்கள். செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மீன் குழம்பு வாசம் வந்தது. வாயைத் திறந்தார்.

சுலோ.

இல்லை.

நான்.

அதுவும் இல்லை.

இரண்டு கையாலும் தட்டினார்.

“ஏங்க, யாரோ தட்டுறாங்க.” சுலோசனாவின் குரலில் பத்து நாளாக இல்லாத சந்தோஷம்.

பலகையைக் கதவோடு வைத்து அழுத்தினார். “ஆதிமூலம்,” என்றாள் ரயில் நிலையத்துப் பெண், வண்டி தாமதம் என்பது போல. “ஆதிமூலம். ஆதிமூலம்.”

“யாரோ பொம்பள உங்க பேரச் சொல்லுது.”

உள்ளேயிருந்து அவருடைய குரல் பதில் சொன்னது. மைக் பிடித்துப் பழகிய கனத்த குரல். “எதுனா சாவுச் சேதியா இருக்கும் சுலோ. சாய்ங்காலமா வரச் சொல்லு.”

“சாய்ங்காலமா வாங்கம்மா!” என்று கதவைப் பார்த்துச் சொன்னாள் சுலோசனா.

ஜன்னலுக்கு ஓடினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அவருடைய தட்டு. அவருடைய இடம். பாவாடை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வாய் நிறையச் சோறு. உதடு மூடியிருந்தது; நிதானமாக மென்றுகொண்டிருந்தது. கழுத்தில் எப்போதும் சுற்றியிருக்கிற துண்டு இல்லை.

அந்த ஓட்டை திறந்தது. ஓரங்கள் ஈரமாக, உதடுகள்போலக் குவிந்து விரிந்தன.

“சுலோ, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து,” என்றது.

சுலோசனா சிரித்தபடி கரண்டியை அந்தக் குரல் வந்த திசைக்குக் கொண்டுபோனாள்.