பாடநோயாளி

யாராவது தனியாக அறைக்குள் நுழைந்தால் போதும், டாக்டர் அருள்வரதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். தூத்துக்குடியில் எவன் டாக்டரிடம் தனியாக வருகிறான்? சாதாரண சளிக்கே துணைக்கு ஓர் ஆள் வந்து, நோயாளியை முந்திக்கொண்டு பதில் சொல்லும் ஊர் இது. தனியாக வருவது பாடநோயாளி மட்டும்தான்.

மருத்துவர்களின் தொடர்கல்விக்காக மருத்துவ வாரியம் அனுப்பும் இயந்திர மனிதர்கள் அவர்கள். சூடான தோல், துடிக்கும் நாடி, வியர்வை எல்லாம் உண்டு. கருத்தரங்குகளில் டாக்டர்கள் நன்றாகத் தூங்கிவிட்டுச் சான்றிதழோடு வீட்டுக்குப் போனதால், நிஜ நோயாளிகளுக்கு நடுவே இவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பினார்கள். எது இயந்திரம் என்று தெரியாவிட்டால் எல்லோரையும் ஒழுங்காகப் பார்ப்பார்கள் அல்லவா? நல்ல எண்ணம்தான். ஆனால் டாக்டர்கள் சீக்கிரமே அடையாளம் கண்டுகொண்டார்கள். அப்புறம் என்ன, இயந்திரத்துக்கு ராஜ உபசாரம், மனிதனுக்கு இரண்டு வரி அறிவுரை. இயந்திரங்களுக்கு எழுதும் மருந்தும் படுக்கையும் வீணாகின்றன என்று மருத்துவமனைகள் புலம்பியதும், வாரியம் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பச்சைப் பொத்தானை வைத்துக் கொடுத்தது. அதை அழுத்தினால் சீட்டு மருந்தகத்துக்குப் போகாது, மதிப்பெண்ணுக்காக வாரியத்துக்குப் போய்விடும். வெட்கங்கெட்ட ஏற்பாடு.

இந்த ஆண்டுப் பாடம் ரத்தக் கொழுப்பு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பொன்மலர், தன் தம்பி செல்வினை முதல் தடவை அழைத்து வந்தபோது அவள்தான் பேசினாள்.

“சார், இவனுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் முந்நூறுக்கு மேல இருக்கு. எங்கப்பாவும் முப்பத்தெட்டு வயசுலயே மாரடைப்புல போயிட்டாரு. குதிகாலுக்கு மேல பாருங்க, கட்டி மாதிரி தடிச்சிருக்கு…”

“பரோட்டாவக் குறைக்கச் சொல்லுங்கம்மா. காலையில நடக்கட்டும்.”

“தினமும் வாலிபால் ஆடுறவன் சார் இவன்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்.”

அடுத்தவருக்கு மணி அடித்தார். செல்வினின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு செல்வினுக்குப் படியேறினாலே நெஞ்சு இறுக ஆரம்பித்தது. பொன்மலர் அவனை மறுபடியும் அதே டாக்டரிடம் கூட்டி வந்தாள். டாக்டர்கள் எதைப் பார்த்து இயந்திரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அவளுக்கும் தெரியும்.

“நீ மட்டும் உள்ள போ. முதுகச் சாய்க்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு,” என்றாள் அறை வாசலில்.

“என்னக்கா, நடிக்கச் சொல்லுதியா?”

“உயிரோட இருக்கச் சொல்லுதேன்.”

செல்வின் முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்தான். டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. குனிந்து அவன் குதிகாலுக்கு மேலிருந்த தடிப்பைத் தடவிப் பார்த்தார். விளக்கடித்துக் கருவிழியைச் சுற்றியிருந்த வெளிறிய வளையத்தைப் பார்த்தார். அப்பா எந்த வயதில் இறந்தார் என்று மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, இது சாப்பாட்டால வந்ததில்ல. பரம்பரையா வர்ற கொழுப்பு நோய். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிக்கணும். நெஞ்சு இறுகுதுன்னு சொல்றதால, இதய டாக்டரும் இப்பவே பாத்தாகணும். கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் ரத்தம் சோதிச்சிரணும்.”

செல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணீர்கூட வரும்படி செய்திருக்கிறார்களே என்று டாக்டர் வியந்துகொண்டார். சீட்டை எழுதி முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

மருந்தகத்தில் இருந்த பெண் திரையை இரண்டு முறை தேடினாள்.

“இந்தப் பேருல எதுவும் வரலியேக்கா.”

இதயப் பிரிவிலும் அதே பதில்தான். என்ன நடந்திருக்கிறது என்று பொன்மலருக்கு அப்போதுதான் உறைத்தது. செல்வினுக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்தபடி தாழ்வாரத்து பெஞ்சில் சரிந்தான். ஓர் ஆயாவை அவன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பொன்மலர் டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

“நீங்க மனுசன்தானா? நோவோட வந்தவன நடக்கச் சொன்னீங்க. மெசினுன்னு நெனச்சதும் காலத் தடவிப் பாக்கீங்க. எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்கள்ல? அத எங்களுக்குச் செஞ்சா என்ன கொறஞ்சா போயிருவீங்க? எந்தம்பி வெளிய நெஞ்சப் புடிச்சிட்டுக் கெடக்கான். எந்திரிச்சு வாங்க சார்.”

டாக்டர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருக்கு நினைவு வந்தது. இந்த ஆண்டுப் பாடத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு: கோபப்படும் உறவினரை எதிர்கொள்ளுதல். வந்திருப்பவளைப் பார்த்தார். தனியாக வந்திருந்தாள்.

குறுக்கே பேசக் கூடாது, பேசவில்லை. கண்ணைப் பார்க்க வேண்டும், பார்த்தார். அவள் மூச்சு வாங்கி நிறுத்தும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா,” என்றார் மிகவும் கனிவாக. “உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் பேசுவேன்.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் பச்சைப் பொத்தானை அழுத்தியது.